லாக்ஸ்டன் விசிட்டர் சென்டரும் அத சுத்தி இருக்குற மூணு வயலும்: எங்க மாமாவோட போயிட்டு வந்த ரிவ்யூ

நாட்டிங்ஹாம் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க லீவு நாள்ல எங்க போறதுன்னு கேட்டா எல்லாரும் ஷெர்வுட் காடு, சாட்ஸ்வர்த் அரண்மனை, பீக் டிஸ்ட்ரிக்ட்னு சொல்லுவாங்க, நானும் அதெல்லாம் ரெண்டு மூணு தடவ போயாச்சு. இந்த தடவ எங்க மாமா, அதாவது வீட்டுக்காரரோட அப்பா, மூணு மாசத்துக்கு வந்திருந்தாரு, அவரு தமிழ்நாட்டுல சர்வேயரா வேல பாத்து ரிட்டையர் ஆனவரு, வாழ்க்க பூரா சங்கிலி புடிச்சு நிலம் அளந்தவருக்கு அரண்மனையும் காடும் காட்டி என்ன ஆகப்போகுதுன்னு தேடினப்ப தான் லாக்ஸ்டன் கண்ணுல பட்டுச்சு. போயிட்டு வந்து ரெண்டு வாரம் ஆகுது, இன்னும் வீட்டுல அந்த ஊரப் பத்தி தான் பேச்சு, அதான் விரிவா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

லாக்ஸ்டன் நாட்டிங்ஹாம்ஷயர்ல ஆலர்ட்டனுக்கும் டக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவுல, ஏ1 ரோட்ட விட்டு உள்ள தள்ளி இருக்குற சின்ன ஊரு. ஒரு சர்ச்சு, ஒரு பப்பு, தெரு ஓரமா செங்கல் பண்ணை வீடுங்க, சுத்தி வயலு, அவ்ளோதான். ஊருக்கு நடுவுல டவ்கோட் இன்னுன்னு ஒரு பப்பு இருக்கு, அத ஒட்டி பின்னாடி தான் விசிட்டர் சென்டர். டிக்கெட் கிடையாது, உள்ள ஆளும் கிடையாது, நாமளா கதவ தொறந்து உள்ள போயி, சுவத்துல இருக்குற போர்ட படிச்சிட்டு, அப்புறம் வெளிய வந்து வயல்ல நடக்கணும். பெரிய மியூசியம் மாதிரி எதிர்பாத்து யாரும் போகாதீங்க. சென்டர் ஒரு முன்னுரை தான், மெயின் கத வெளிய மண்ணுல இருக்கு.

என்ன அப்படி ஸ்பெஷல்னு கேட்டா, இங்கிலாந்துல ஒரு காலத்துல பாதி ஊருங்க எப்படி விவசாயம் பண்ணுச்சோ அதே முறை, ஓப்பன் ஃபீல்டுன்னு சொல்லுவாங்க, இன்னைக்கும் உயிரோட நடக்குற ஊரு இது. ஊர சுத்தி வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட்னு மூணு பெருவயல். வயலுக்குள்ள வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீள துண்டா பிரிஞ்சிருக்கும், ஒரு விவசாயிக்கு மூணு வயல்லயும் அங்கங்க துண்டு இருக்கும். ஒரு வயல்ல கோதுமை, அத குளிர்காலத்துக்கு முன்னாடியே வெதச்சிடுவாங்க, இன்னொரு வயல்ல வசந்தத்துல வெதைக்கிற பயிறு, மூணாவது தரிசு. அடுத்த வருஷம் அப்படியே சுத்தி வரும். ஒருத்தன் நான் மட்டும் என் துண்டுல வேற போடுறேன்னு சொல்ல முடியாது, வயலு தரிசுன்னா எல்லாருக்கும் தரிசு. அந்தக் காலத்துல தரிசு வயல்லயும் அறுப்பு முடிஞ்ச தாள்லயும் ஊரு ஆடு மாடெல்லாம் ஒண்ணா மேயும், சாணமும் மண்ணுலயே சேந்துடும்.

துண்டு ஏன் இப்படி சிதறி கெடக்குன்னு நானும் மொதல்ல யோசிச்சேன், ஒரே எடமா குடுத்திருக்கலாமே, நடக்குற நடையாவது மிச்சம் ஆகுமே. மாமா போர்ட கூட முழுசா படிக்கல, "ஏம்மா, மேட்டு நிலம் ஒருத்தனுக்கு, தண்ணி தேங்குற நிலம் ஒருத்தனுக்குன்னு குடுத்தா ஊருல சண்ட வராதா, எல்லாருக்கும் நல்லதுல கொஞ்சம் கெட்டதுல கொஞ்சம்"னு சொல்லிட்டாரு. அந்த ஊரு மண்ணு வேற கெட்டியான களிமண்ணு, எங்க தண்ணி நிக்குமோ அங்க பயிறு அழுகிடும், அதனால நட்டத்த எல்லாரும் பிரிச்சுக்கிட்டாங்க.

சென்டர்ல மாமா நின்ன எடம் ஒண்ணு தான், 1635 மேப்போட நகலு. மார்க் பியர்ஸ்னு ஒரு சர்வேயரு வரைஞ்சது, ஒரிஜினல் ஆக்ஸ்ஃபோர்டுல பாட்லியன் லைப்ரரில இருக்கு. ஊருல இருக்குற ஒவ்வொரு துண்டும் அதுல இருக்கு, மேப்போட சேத்து ஒரு புத்தகமும் எழுதி வச்சிருக்காங்க, எந்த துண்டு யாருது, எவ்ளோ அளவுன்னு வரிசையா. மாமாவுக்கு அது என்னன்னு யாரும் சொல்ல வேண்டியது இல்ல. "இது எஃப்எம்பி, அது அடங்கலு"ன்னு ரெண்டு விரல்ல பிரிச்சு காட்டினாரு, நம்ம ஊரு சர்வேல நிலத்த அளந்து வரைஞ்ச படமும் நிலக் கணக்குப் பதிவேடும் தான் அது. மேப்புல வயல்ல ஏரு ஓட்டுற ஆளு, கதிர் அறுக்குற ஆளு, வேட்டைக்கு போறவன்னு குட்டி குட்டியா படம் வரஞ்சிருக்கும், பொறுமையா பாருங்க, அவசரப்பட்டா தெரியாது.

இந்த மேப்ப போட சொன்னது சர் வில்லியம் கோர்ட்டன்னு ஒரு லண்டன் வியாபாரி, அப்ப அவரு தான் ஊரோட சொந்தக்காரரு. இதே ஆளு தான் அதே 1635ல சார்லஸ் ராஜாகிட்ட அனுமதி வாங்கி ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்கு போட்டியா நம்ம பக்கம் கப்பல் அனுப்ப கெளம்புனது, பார்பேடாஸ் தீவுல மொத இங்கிலீஷ் குடியேத்தத்துக்கு பணம் போட்டதும் அவரு தான். ஒரு பக்கம் கடல் கடந்து வியாபாரம், இன்னொரு பக்கம் இந்த களிமண்ணு ஊருல ஒவ்வொரு துண்டையும் அளந்து கணக்கு எழுதி வைக்கிற வேல, ரெண்டும் ஒரே மனுசன்கிட்ட இருந்து வந்திருக்கு, எனக்கு அத படிச்சதும் கொஞ்ச நேரம் அந்த எடத்த விட்டு நகர முடியல.

இப்ப நான் எழுத வந்த முக்கியமான விஷயம். ஏக்கர், ஏக்கர்னு நாம ஊருல தெனம் பேசுறோம் இல்லையா, அந்த அளவு எங்க இருந்து வந்துச்சுன்னு இந்த வயல்ல நின்னா கண்ணால பாக்கலாம். ஒரு ஃபர்லாங்கு, ஃபர்லாங்குன்னாலே ஒரு நீள படைச்சாலுன்னு தான் அர்த்தம், அது 220 கெஜம். எருது பூட்டின ஏரு மூச்சு வாங்காம ஒரே போக்குல எவ்ளோ தூரம் போகுமோ அந்த நீளம். அகலம் 22 கெஜம். 220 நீளம் 22 அகலம், பெருக்கினா 4840 சதுர கெஜம், அது தான் ஒரு ஏக்கர், ஒரு ஜோடி எருது கணக்கு இல்ல, ஒரு முழு ஏரு, எட்டு எருது வரைக்கும் பூட்டுவாங்களாம், அது ஒரு நாள்ல உழற நிலம்னு வச்சு வந்த கணக்கு. 22 கெஜம்னதும் மாமா என்ன பாத்தாரு. சர்வே சங்கிலியோட நீளமும் அதே தான், 66 அடி, 100 லிங்க்கு. 1620ல எட்மண்ட் கண்டர்னு ஒரு கணக்கு மேதை கண்டுபுடிச்ச சங்கிலி அது, 10 சதுர சங்கிலி ஒரு ஏக்கர்னு வர்ற மாதிரி யோசிச்சு பண்ணது. மாமா வேலைக்கு சேந்த புதுசுல தோள்ல தூக்கிட்டு அலஞ்ச சங்கிலி, அவரு சொல்ற சென்ட்டு, எங்க வீட்டுப் பத்திரத்துல இருக்குற ஏக்கரு, எல்லாத்துக்கும் ஆரம்பம் இந்த மாதிரி ஒரு வயல்ல எருது திரும்புன எடம்னு தெரிஞ்சப்ப மாமா ஒண்ணும் பேசல, வயலோட ஒரு மூலையில இருந்து அடி வச்சு எண்ணிக்கிட்டே போனாரு, நான் பின்னாடி குடைய புடிச்சிட்டு போனேன்.

எருதுன்னதும் இன்னொண்ணு. பழைய துண்டுங்க நேரா இருக்காது, லேசா பாம்பு நெளிஞ்ச மாதிரி இருக்கும். நீளமான ஏரு கடைசில போயி திரும்பணும்னா கொஞ்சம் முன்னாடியே ஒரு பக்கமா இழுக்க ஆரம்பிக்கணும், நூத்தாண்டு கணக்கா அப்படியே உழுது உழுது நிலமே அந்த நெளிவுக்கு வந்துடுச்சு. புல்லு போட்டு விட்டுட்ட பழைய நிலத்துல மேடும் பள்ளமுமா அந்த சால் இன்னைக்கும் தெரியும், சாயங்கால வெயிலு சாஞ்சு அடிக்கிறப்ப பாத்தா பாய் விரிச்ச மாதிரி வரி வரியா இருக்கும். இது லாக்ஸ்டன்ல மட்டும் இல்ல, நடு இங்கிலாந்துல ரயில்ல போறப்ப ஜன்னல் வழியா பாருங்க, நெறைய மேச்சல் நிலத்துல இருக்கும், ஆறு வருஷமா நானும் அந்த ரயில்ல தான் போறேன், என்னன்னு தெரியாமயே பாத்துட்டு இருந்திருக்கேன்.

அடுத்து கோர்ட்டு. இது தான் மத்த எந்த ஊருலயும் இல்லாதது. டெவன்ல பிராண்டன் பக்கம், லிங்கன்ஷயர்ல ஆக்ஸ்ஹோம் பக்கம்னு வேலி இல்லாத பழைய வயலு மிச்சம் இருக்குற எடங்க உண்டு, ஆனா வயல நிர்வாகம் பண்ற கோர்ட் லீட்டும், அதாவது பழைய கால ஊர்க் கோர்ட்டும், சேந்து ஒழுங்கா நடக்குறது லாக்ஸ்டன்ல மட்டும் தான். நவம்பர் கடைசில ஒரு வியாழக்கிழம ஜூரி நாளு. ஊரு விவசாயிங்கள்ல தேர்ந்தெடுத்த ஜூரி, ஒரு ஃபோர்மேன் தலைமைல, அந்த வருஷம் கோதுமை வெதச்ச வயலுக்கு போவாங்க. எவனாச்சும் பாதைய வெட்டி உழுதிருக்கானா, பொதுப் புல்தரைய கடிச்சிருக்கானா, வாய்க்கா தூர் வாராம வச்சிருக்கானான்னு ஒவ்வொரு துண்டா பாப்பாங்க. எல்ல எதுன்னு முடிவு பண்ணி அந்த எடத்துலயே மரக்குச்சி அடிச்சிட்டு போவாங்க. ஒரு வாரம் கழிச்சு பப்புலயே கோர்ட்டு கூடும், ஸ்டூவர்ட்ங்கிற பதவில இருக்குறவரு தலைம தாங்குவாரு, தப்பு பண்ணவனுக்கு தெண்டம், அப்புறம் அடுத்த வருஷத்துக்கு ஜூரி நியமனம். 1977ல பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டு நாடு பூரா இருந்த இந்த மாதிரி பழைய கோர்ட்டுங்களோட அதிகாரத்த எடுத்துடுச்சு, ஆனா லாக்ஸ்டன் கோர்ட்ட விட்டு வச்சாங்க, அதனால இது வேஷம் கட்டி காட்டுற நிகழ்ச்சி இல்ல, சட்டப்படி அதிகாரம் இருக்குற கோர்ட்டு.

நாங்க போனது ஜூரி நாள் முடிஞ்ச ரெண்டாவது நாளு, சனிக்கிழம. வேணும்னே தான் அப்படி பாத்து போனோம், அவங்க வேல பாக்குற அன்னைக்கு குறுக்க நிக்க வேணாம்னு. கோதுமை ரெண்டு மூணு விரக்கட உயரம் வந்து பச்சப் பசேல்னு இருந்துச்சு, பாதை ஓரமா புதுசா அடிச்ச குச்சிங்க, மரத்தோட வெட்டுவாய் இன்னும் வெள்ளையா. மாமா குனிஞ்சு ஒரு குச்சிய தொட்டு பாத்தாரு. "நாங்க கல்லு நட்டுட்டு வருவோம், அடுத்த தடவ போறப்ப கல்லே இருக்காது, ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் கை காட்டுவான்"ன்னாரு. அப்புறம் கொஞ்ச தூரம் நடந்துட்டு, "இங்க கல்லு இல்ல, ஆனா வருஷா வருஷம் பன்னெண்டு பேரு வந்து பாக்குறான், அதுவும் வெளியாளு இல்ல, பக்கத்து துண்டுக்காரன்"னு சொன்னாரு. அவரு சர்வீஸ்ல பாத்த எல்லைத் தகராறுங்கள நான் நெறைய கேட்டிருக்கேன், சிலது கொலை வரைக்கும் போயிருக்கு, அதனால அவரு அத லேசா சொல்லல.

பொதுப் புல்தரைன்னு சொன்னேன்ல, அதுக்கு இங்க சைக்ஸ்னு பேரு. வயலுக்கு நடுவுல தாழ்வான ஈரமான எடம், ஏரு ஓட்ட முடியாது, அதனால எந்தக் காலத்துலயும் உழாம புல்லாவே விட்டிருக்காங்க. கோடையில அந்தப் புல்ல ஏலம் விடுவாங்க, ஏலம் எடுத்தவங்க வைக்கோலுக்கு அறுத்துப்பாங்க. உழவே உழாததால காட்டுப் பூ வகைங்க நெறைய அதுல தங்கிடுச்சு, அரசாங்கமே பாதுகாக்கப்பட்ட எடமா அறிவிச்சிருக்கு. நவம்பர்ல போயி அந்தப் பூவெல்லாம் பாக்க முடியல, அது எனக்கு ஒரு கொற தான்.

ஊருக்குள்ள நடக்குறப்ப ஒரு விஷயம் கவனிங்க. பண்ணை வீடுங்க எல்லாம் தெரு மேலயே இருக்கும், பல வீடு பக்கவாட்டு சுவத்த ரோட்டுக்கு காட்டிட்டு நிக்கும், பின்னாடி முத்தம், களஞ்சியம், அதுக்கு பின்னாடி சின்ன சின்ன அடைப்பு நிலம். இங்கிலாந்துல வேற பக்கம் கார்ல போனா பண்ணை வீடு வயலுக்கு நடுவுல தனியா நிக்கும், பக்கத்து வீட்டுக்கு ஒரு மைல் இருக்கும். லாக்ஸ்டன்ல அப்படி ஆகாததுக்கு காரணம் நிலம் சிதறி கெடக்குறது தான், மூணு பக்கமும் துண்டு இருக்குறவன் நடு ஊருல தான குடி இருக்கணும். நம்ம கிராமம் மாதிரியே இருக்கேன்னு எனக்கு ஏன் போன உடனே தோணுச்சுன்னு அப்புறமா தான் புரிஞ்சுது.

ஊருல பழைய பவுண்டும் இருக்கு, அதாவது அடுத்தவன் பயிருல மேஞ்ச மாட்ட புடிச்சு அடைக்கிற பட்டி. அதுக்குன்னு பின்டர்னு ஒரு பதவி, அதுக்கு ஒரு ஆள போடுவாங்க. தெண்டம் கட்டி தான் மாட்ட ஓட்டிட்டு போகணும். மாமாவுக்கு இத வெளக்க ஒரு நிமிஷம் கூட ஆகல.

சரி, மத்த ஊருங்கள்ல இதெல்லாம் ஏன் போச்சு. பார்லிமென்ட் சட்டம் போட்டு பொது வயல வேலி கட்டி தனித்தனி ஆளுக்கு பிரிச்சு குடுத்தாங்க, 1604ல இருந்து 1914 வரைக்கும் 5,200க்கு மேல சட்டம், மொத்தம் கிட்டத்தட்ட 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்து நிலத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. பத்திரம் இருந்தவனுக்கு நிலம் கெடச்சுது. ரெண்டு மாடு மட்டும் வச்சு பொது நிலத்துல மேச்சுக்கிட்டு, வெறகு பொறுக்கிக்கிட்டு இருந்தவனுக்கு பழக்கத்த தவிர காட்டுறதுக்கு பத்திரம் கிடையாது, அவனுக்கு ஒண்ணும் இல்லாம போச்சு, இல்லன்னா வேலி கட்டுற செலவுக்கே பயந்து கெடச்ச துண்டையும் வித்துட்டான். வெளச்சல் கூடுச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, பல எடத்துல கூடவும் செஞ்சுது. ஆனா அந்த ரெண்டு மாட்டுக்காரன் கூலிக்காரன் ஆனது அதுல தான், எனக்கு அத சாதாரணமா தாண்டி போக முடியல.

லாக்ஸ்டன் தப்பிச்சதுக்கு காரணம் ஊருல நிலம் ரெண்டு பெரிய கை கிட்ட இருந்தது, மேன்வர்ஸ் பிரபு ஒரு பக்கம், ஸ்கார்பரோ பிரபு ஒரு பக்கம், எப்படி பிரிக்கிறதுன்னு அவங்களுக்குள்ள ஒத்து வரவே இல்ல. மத்த ஊருல எல்லாம் வேலி விழுந்து முடியிற வரைக்கும் இங்க பேச்சு முடியல. அப்புறம் 20ஆம் நூத்தாண்டு ஆரம்பத்துல சின்ன துண்டுங்கள ஒண்ணு சேத்து அகலமாக்கிட்டாங்க, அதனால இப்ப பாக்குற துண்டு 1635 மேப்புல இருக்குற மாதிரி குறுகலா இருக்காது, ட்ராக்டரு ஓட்ட தோதா இருக்கும், இத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு போங்க. 1952ல மேன்வர்ஸ் பிரபு இத காப்பாத்தணும்னு விவசாய அமைச்சகத்துக்கு வித்தாரு, 1981ல அரச சொத்துங்கள பாத்துக்குற கிரவுன் எஸ்டேட் கைக்கு போச்சு, 2020ல தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கிடுச்சு, அது மேன்வர்ஸ் வம்சத்தோட எஸ்டேட் தான், சுத்தி வந்து பழைய எடத்துக்கே சேந்துடுச்சு. விக்கப்போறாங்கன்னு 2018ல சேதி வந்தப்ப யாரு வாங்குவாங்களோ, வாங்கறவங்க இந்த முறைய வச்சிருப்பாங்களோன்னு ஊரே பயந்திருக்கும், நானா இருந்தா தூங்கியிருக்க மாட்டேன்.

சாப்பாட்டுக்கு நான் காலையிலயே எலுமிச்ச சாதமும் உருளக்கெழங்கு வறுவலும் கட்டி எடுத்துட்டு போயிட்டேன். ஊருக்கு வடக்க பழைய கோட்ட மேடு ஒண்ணு இருக்கு, 12ஆம் நூத்தாண்டு ஆரம்பத்துது, ஷெர்வுட் காட்ட காவல் பாத்த குடும்பத்தோட கோட்ட. கல்லு சுவரெல்லாம் இப்ப இல்ல, மண்ணு மேடும் அகழியும் மட்டும், ஆனா மேடு நல்ல உசரம், மேல ஏறினா சுத்து வட்டாரம் பூரா தெரியும். காத்து பலமா அடிச்சுது, இருந்தாலும் மாமா அங்க தான் உக்காந்து சாப்பிடணும்னுட்டாரு, மேல இருந்து பாத்தா வேலி போட்ட ஊரோட நிலத்துக்கும் லாக்ஸ்டன் வயலுக்கும் வித்தியாசம் நல்லா தெரியும், ஒரு பக்கம் கட்டம் கட்டமா புதரு வேலி, இந்தப் பக்கம் திறந்த வெளி. அப்புறம் சாயங்காலம் பப்புல சூடா ஒரு டீயும் சிப்ஸும் சாப்டோம், கோர்ட்டு கூடுற எடத்துல உக்காந்திருக்கோம்னு மாமாவுக்கு ஒரே சந்தோசம், பெஞ்ச தடவி பாத்துக்கிட்டே இருந்தாரு.

சர்ச்சு செயின்ட் மைக்கேல் பேருல. எவரிங்ஹாம் குடும்பத்து ஆளுங்களோட கல்லு சிலைங்க படுத்த மாதிரி இருக்கு, அதுல ஒரு பொம்பள சிலை மட்டும் மரத்துல, 14ஆம் நூத்தாண்டு ஓக் மரம், அந்த கவுண்டியிலயே அந்தக் காலத்து மரச்சிலை இது ஒண்ணு தான். முகமெல்லாம் தேஞ்சு போயி, மரத்தோட வரி மட்டும் தெரியும். அஞ்சு நிமிஷம் போதும், ஆனா போகாம விடாதீங்க.

இப்ப யூஸ்ஃபுல்லான விஷயங்கள். கார் இருந்தா நல்லது. நாங்க போறப்ப கார்ல போனோம், திரும்பி வர்றப்ப வீட்டுக்காரருக்கு வேல வந்து அவரு கார எடுத்துட்டு போயிட்டாரு, ஃபோன்ல புக் பண்ண டாக்ஸி ரெண்டு தடவ கேன்சல் ஆச்சு, இருட்டுல குளிருல ஒரு மணி நேரம் நின்னோம், வயசானவர வச்சுக்கிட்டு அப்படி நிக்க கூடாது, அதனால திரும்புறதுக்கு முன்கூட்டியே உறுதியா ஏற்பாடு பண்ணிட்டு போங்க. காலுக்கு நல்ல பூட்ஸ் கட்டாயம். நான் ஆன்லைன்ல ஆஃபர்ல ஒரு ஜோடி வாங்கி அத நம்பி போனேன், வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருந்துச்சு, மில் ஃபீல்ட்ல பாதி தூரத்துலயே களிமண்ணு இழுத்து வலது கால் சோல் பிரிஞ்சுடுச்சு, மீதி தூரம் துப்பட்டாவ சுத்தி கட்டிட்டு நடந்தேன். முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் தான் அந்த மண்ணுக்கு சரி. மழ பேஞ்ச மறுநாள் போறதா இருந்தா ஒரு வயலோட நிறுத்திக்கோங்க, மூணையும் சுத்தணும்னா நாள் முழுக்க வேணும்.

பாதைய விட்டு பயிருக்குள்ள எறங்காதீங்க, நாய் கூட்டிட்டு போனா கயித்துல புடிச்சுக்கோங்க, குச்சிய யாரும் புடுங்கி பாக்காதீங்க. இது ஆளுங்க பொழப்பு நடத்துற நிலம். வயல்ல ட்ராக்டருல வந்த ஒரு விவசாயி நாங்க ஒதுங்கி நிக்கிறத பாத்துட்டு இஞ்சின நிறுத்தி பேசினாரு, மாமா சர்வேயருன்னு நான் சொன்னதும் அவரு கண்ணு விரிஞ்சுது, ரெண்டு பேருக்கும் பொதுவா பாஷை இல்ல, நான் நடுவுல மொழி பேத்தேன், துண்டோட அகலம் இப்ப எவ்ளோ, வாய்க்கா யாரு வெட்டணும், தெண்டம் போட்டா மூஞ்ச திருப்பிக்க மாட்டாங்களான்னு மாமா கேட்டுக்கிட்டே போனாரு. கடைசி கேள்விக்கு அவரு சிரிச்சிட்டு, அடுத்த வருஷம் நானும் ஜூரில இருப்பேன்ல, அப்ப அவங்க நிலத்த நான் பாப்பேன்னு சொன்னாரு. மாமா அத வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட ஃபோன்ல மூணு தடவ சொன்னாரு.

சின்ன புள்ளைங்கள கூட்டிட்டு போலாமான்னு கேட்டா, பத்து வயசுக்கு மேல, கத சொல்லி கூட்டிட்டு போற பெரியவங்க கூட இருந்தா போலாம். ஊஞ்சல், ஐஸ்க்ரீம் கட இதெல்லாம் இல்ல. வரலாறுல ஆர்வம் இருக்குறவங்க, ஊருல நிலம் வச்சிருக்குறவங்க, விவசாயக் குடும்பத்துல பொறந்தவங்க, சர்வே, ரெவின்யூ வேல பாத்த அப்பா அம்மா யாராச்சும் வந்திருந்தா, கண்ண மூடிட்டு கூட்டிட்டு போங்க. நான் அஞ்சுக்கு அஞ்சு குடுக்குறேன். காசு வாங்காம ஒரு ஊரு தன்னோட வயலயும் பாதையையும் நமக்கு தொறந்து விட்டிருக்கு, அதுக்கு கம்மியா போட எனக்கு மனசு வரல.

மாமா கெளம்பி போயிட்டாரு, போறப்ப அந்த 1635 மேப்ப பிரின்ட் எடுத்து பெட்டில வச்சுட்டு போனாரு, அவரு கூட வேல பாத்தவங்களுக்கு காட்டணுமாம். நான் கோடையில புல்லு ஏலம் நடக்குறப்ப திரும்ப போறேன், சைக்ஸ்ல பூ பூத்திருக்குறத பாக்கணும், இந்த தடவ ரப்பர் பூட்ஸோட.